தூக்குத் தண்டனை கேட்டு மனு எழுதச் சொல்கிறார்கள், என்ன எழுதுவது?

கவுண்டன்யா கரை (குடியாத்தம்) கேட்கிறார்:

வணக்கம். குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பீடி சுற்றும் பெண்கள் பதினான்கு பேர் சேர்ந்த சுய உதவிக் குழுவில் நான் கணக்கு எழுதுகிறேன். குழுவில் பத்தாம் வகுப்பு முடித்தவள் நான் ஒருத்திதான். அதனால் ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது முதல் வங்கிக் கடன் வரை எல்லா மனுவும் என் கையெழுத்தில்தான் போகும்.

சில வாரங்களுக்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்த ஒரு சிறுமிக்கு நடக்கக் கூடாதது நடந்தது. அதை இங்கே விவரிக்க மாட்டேன். அவளுடைய அம்மாவோடு காவல் நிலையத்துக்குப் போனேன். சம்பவம் நடந்த இடம் எங்கள் எல்லையில் வராது என்று வேறொரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெண் அதிகாரி விடுப்பில் இருக்கிறார், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மூன்றாம் நாள் மாலையில்தான் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அந்த மூன்று நாளும் அவன் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டித்தான் நாங்கள் தண்ணீர் பிடிக்கப் போனோம். இப்போது கைதாகிச் சிறையில் இருக்கிறான்.

ஊர் கொதித்துப்போயிருக்கிறது. இதுவரை 640 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ‘தூக்கில் போடு’ என்று பேனர் அடித்தாகிவிட்டது. இளைஞர்கள் சிலர் என்கவுன்ட்டர்தான் வேண்டும் என்கிறார்கள். வரும் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுத்துவிட்டு ஆர்ப்பாட்டம் செய்வதாக முடிவு. மனுவை எழுதும் பொறுப்பு என்னுடையது.

ஆத்திரம் எனக்கும் குறைவில்லை. ஆனால் பேனாவை எடுத்தால் அந்த மூன்று நாள்தான் கண்முன் வந்து நிற்கிறது. ஊர் திரண்டு கேட்டால் சட்டமே மாறும் என்கிறார்கள். உண்மையிலேயே மாறுமா? மாறினால் எங்கள் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மரத்தடி எழுத்தர் (சத்துவாச்சாரி):

அம்மா, வேலூர் கலெக்டர் அலுவலகத்துக்கு வெளியே 22 ஆண்டுகளாக மனு எழுதித் தருகிறேன். எனக்கு முன்னால் என் அப்பா எழுதினார். 1989 வரை வட ஆற்காடு ஒரே மாவட்டம். திருவண்ணாமலைக்காரர்களும் அரக்கோணத்துக்காரர்களும் விடியற்காலை பஸ் பிடித்து வேலூருக்கு வந்து அவரிடம் உட்காருவார்களாம். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான். முதலில் ‘பெறுநர்’ எழுது, பிறகு அந்தப் பெறுநரால் செய்யக்கூடியதை மட்டும் கேள்.

கலெக்டரால் யாரையும் தூக்கில் போட முடியாது. 640 கையெழுத்தோடு அப்படி ஒரு மனு போனால், தண்டனை நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று ஒரு வரிப் பதில் வரும். கோப்பு முடிந்துவிடும். 640 பேரின் கோபமும் அந்த ஒரு வரியோடு அடங்கிவிடும். இதை எத்தனையோ திங்கள்கிழமைகளில் பார்த்திருக்கிறேன்.

சட்டம் மாறுமா என்று கேட்டீர்கள். மாறும், மாறியிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மதுரா என்ற பழங்குடிச் சிறுமியைக் காவல் நிலையத்துக்குள்ளேயே சீரழித்த வழக்கு 1972-இல் நடந்தது. அவள் கூச்சலிடவில்லை, உடம்பில் காயமில்லை என்று காரணம் சொல்லி உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. 1979-இல் சட்டப் பேராசிரியர்கள் நான்கு பேர் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். நான்கே பேர். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் நாடு முழுவதும் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983-இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் இருக்கும் பெண் ‘நான் சம்மதிக்கவில்லை’ என்று சாட்சி சொன்னால் அதை நீதிமன்றம் உண்மையென்று அனுமானிக்க வேண்டும் என்று எழுதினார்கள். அந்தக் கடிதம் இன்னொரு தண்டனையைக் கேட்கவில்லை. தீர்ப்பில் எந்த இடத்தில் நியாயம் வழுக்கியது என்று விரல் வைத்துக் காட்டியது. மனு எழுதுகிறவன் என்ற முறையில் அதற்கு மேலான ஒரு மனுவை நான் அறியேன். ஆனால் மதுராவுக்கு அதனால் ஒன்றும் கிடைக்கவில்லை. இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது 2012 டிசம்பர், டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவியைக் கூட்டமாகச் சீரழித்த வழக்கு. இங்கேயும் கல்லூரிப் பிள்ளைகள் மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் குழு அமைத்தார்கள். 80,000 அளவுக்கு ஆலோசனைகள் வந்து குவிந்தன. 29 நாளில், 2013 ஜனவரி 23 அன்று, அறிக்கை கொடுத்துவிட்டார்கள். பாலியல் வன்முறைக்குத் தூக்கு வேண்டாம் என்றுதான் குழு சொன்னது. புகாரைப் பதிவு செய்யாத காவலருக்குத் தண்டனை வேண்டும், காவல்துறையைச் சீர்திருத்த வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதியது. அரசு பதினொரு நாளில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர் இறந்தாலோ மீளாத மயக்க நிலைக்குப் போனாலோ மரண தண்டனை விதிக்கலாம் என்று அதில் சேர்த்தது. பதிவு செய்யாத காவலரைத் தண்டிக்கும் பிரிவும் அந்த ஆண்டே சட்டமானது. ஆனால் காவல்துறைச் சீர்திருத்தம் அறிக்கையிலேயே தங்கிவிட்டது.

2018-இல் ஜம்முவின் கத்துவாவில் சீரழித்துக் கொல்லப்பட்ட சிறுமிக்காக நாடு அழுதபோது, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் மரண தண்டனை விதிக்கலாம் என்று திருத்தினார்கள். 2019-இல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் அதே தண்டனை ஏறியது. ஆக, உங்கள் பேனரில் இருப்பது ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. கடுமையான வகைக் குற்றத்துக்குக் குறைந்தது 20 ஆண்டு, அதிகம் போனால் தூக்கு. தண்டனையின் ஆண்டுகளைக் கூட்டுவதற்குக் கருவூலத்திலிருந்து ஒரு ரூபாய் எடுக்க வேண்டியதில்லை. அதனால் அது சீக்கிரம் நடக்கும். இரவு பத்து மணிக்கும் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும், அவருக்குத் தங்க இடம் வேண்டும். அதற்குத்தான் ஊர் வருடக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தாய் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். மகளுக்கு நடந்ததைச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டே வந்தேன். எதிரியின் பெயர், உறவு என்ற இடம் வந்தது. தன்னுடைய சொந்தத் தம்பி என்றாள். இரண்டாம் பக்கம் திருப்பும்போது, “ஐயா, தூக்கில் போட்டுவிடுவார்களா?” என்று கேட்டாள். அதை நீதிபதிதான் முடிவு செய்வார் என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். பிறகு அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். நான் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பெண் குழந்தை என்ன ஆனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குழந்தைகளுக்குக் கேடு செய்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குத் தெரிந்தவர்கள், உறவுக்காரர்கள். தூக்கு என்று எழுதிய பேனரைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் மடித்த அந்தத் தாள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

உங்கள் மனு அந்த மூன்று நாள்தான். தேதி, நேரம், எந்த நிலையம், யார் என்ன சொன்னார்கள், எந்த பஸ்ஸில் போனீர்கள், டிக்கெட் இருந்தால் அதன் நகல் எல்லாம் வேண்டும். இங்கே பொதுவில் எழுத வேண்டாம். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

கறுப்பு அங்கி (காட்பாடி):

வேலூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். பெரியவர் சொன்னதோடு சட்டப் பிரிவுகளைச் சேர்த்துவிடுகிறேன்.

‘எங்கள் எல்லையில் வராது’ என்று சொல்ல இப்போது எந்த நிலையத்துக்கும் உரிமை இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுப் பதிய வேண்டும் என்கிறது. அதற்கும் முன்பே, 2013 நவம்பரில், லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கைது செய்வதற்குரிய குற்றம் என்று தகவலிலிருந்து தெரிந்தால் பதிவு செய்தே தீர வேண்டும் என்று சொல்லிவிட்டது. போக்சோ சட்டம் 21-ஆம் பிரிவின்படி, தகவலைப் பதியத் தவறுகிறவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. வர்மா குழு கேட்டு 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் வந்த 166ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 199 என்ற எண்ணில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் இரண்டு ஆண்டு வரை கடுங்காவல். டெல்லியில் குளிரில் நின்ற பெண்களின் உழைப்பு அந்தப் பிரிவில் இருக்கிறது. அதை எடுத்துப் பயன்படுத்துகிறவர்கள்தான் குறைவு.

சிறுமியின் வாக்குமூலத்தை அவள் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் வாங்க வேண்டும். வாங்கும்போது அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. வழக்கு நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்ட 30 நாளுக்குள் அவள் சாட்சியம் பதிவாக வேண்டும், இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும் என்பது 35-ஆம் பிரிவு. இடைக்கால இழப்பீட்டுக்குத் தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டாம். சிறப்பு நீதிமன்றம் முன்கூட்டியே உத்தரவிடலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் வழக்கறிஞர் கிடைப்பார்.

ஒரு கவலை. பேனரில் ஊர்ப் பெயரோ தெருப் பெயரோ பள்ளிப் பெயரோ இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். பொள்ளாச்சி வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயரை அதிகாரிகளே வெளியிட்டார்கள். அதன் பிறகு மற்றவர்கள் வாய் திறக்க எவ்வளவு அஞ்சியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அங்கே மக்கள் போராட்டம்தான் விசாரணையை சி.பி.ஐ. வரை கொண்டுபோனது. 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது. இடையில் ஆறு ஆண்டுகள்.

போளூர் வடக்கு:

என்கவுன்ட்டர் கேட்கும் அந்தத் தம்பிகளுக்கு மட்டும் எழுதுகிறேன். 2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரைச் சீரழித்துக் கொன்ற வழக்கில் கைதான நான்கு பேரைச் சுட்டதும் காவலர்கள் மேல் பூத் தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அது வேண்டுமென்றே சுட்டது என்று 2022-இல் அறிக்கை கொடுத்தது.

2015 ஏப்ரல் 7 நினைவிருக்கிறதா? சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி ஆந்திரக் காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக் கூலிகள். மலையில் வேலை கிடைக்காமல் போனவர்கள். அன்றும் ‘என்கவுன்ட்டர்’ என்றுதான் சொன்னார்கள். எதிரில் நிற்பவன் யார் என்று துப்பாக்கி கேட்பதில்லை. குழந்தைக்கு நீதி வேண்டும் என்று கேட்கும் வாயால் இதைக் கேட்காதீர்கள்.

ஏலகிரி அடிவாரம் (ஜோலார்பேட்டை):

ஒரு கோரிக்கையை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு தாய் இருக்கிறார், அற்புதம்மாள். அவர் மகன் பேரறிவாளன், ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட வழக்கில் 1991 ஜூன் 11 அன்று, 19 வயதில் கைதானார். 1998-இல் தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999-இல் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்குத் தூக்கை உறுதிசெய்தது, அவர்களில் அவர் ஒருவர். 2011-இல் கருணை மனு நிராகரிக்கப்பட்டு, வேலூர் மத்திய சிறையில் செப்டம்பர் 9 அன்று தூக்கு என்று நாள் குறித்துவிட்டார்கள்.

அந்த ஆகஸ்டில் நான் தொரப்பாடியில் சிறைக்கு வெளியே நின்றிருக்கிறேன். ஆகஸ்ட் 28 அன்று காஞ்சிபுரத்தில் இந்தத் தூக்கை எதிர்த்துச் செங்கொடி என்ற இளம்பெண் தீயில் மாய்ந்தாள். அந்த மரணத்தை நான் ஒருநாளும் கொண்டாட மாட்டேன். அவள் உயிரோடு இருந்து இதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும். ஆகஸ்ட் 30 அன்று சட்டமன்றம் தண்டனையைக் குறைக்கக் கோரித் தீர்மானம் போட்டது. அதே நாளில் சென்னை உயர் நீதிமன்றம் எட்டு வாரம் தடை விதித்தது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். வெளியே நாங்கள் உயிரைக் காப்பாற்று என்று கத்தினோம். நீதிமன்றத்துக்குள் வைத்த வாதம் வேறு. கருணை மனுவை 11 ஆண்டு கிடப்பில் போட்டது நியாயமா என்பதே அது. 2014 பிப்ரவரி 18 அன்று அந்தக் காரணத்தின் மேல்தான் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. அம்மா அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. கையில் ஒரு துணிப்பையும் காகிதக் கட்டுமாக, கட்சி வேறுபாடு பார்க்காமல் ஒவ்வொரு வாசலாக ஏறினார். குண்டில் பயன்பட்டதாகச் சொன்ன பேட்டரியை எதற்கு வாங்கினோம் என்று தெரியாது என மகன் சொன்னதை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே 2013-இல் ஒப்புக்கொண்டார். 2018 செப்டம்பரில் அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் அலுவலகத்தில் அது இரண்டு ஆண்டுக்கு மேல் தூங்கியது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி விடுவித்தது. 31 ஆண்டுகளில் அவர் கேட்டது ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றே ஒன்றுதான். அந்த நேரத்தில் எந்த மேசையில் கோப்பு இருந்ததோ அந்த மேசையிடம் கேட்டார்.

வாலாஜா வாசி:

ஜோலார்பேட்டை நண்பரே, ஸ்ரீபெரும்புதூரில் அன்று செத்தவர்களுக்கும் குடும்பங்கள் உண்டு. பணியில் இருந்த காவலர்களும் செத்தார்கள். காயமடைந்த பெண் காவல் அதிகாரி ஒருவர் இந்த விடுதலையை வெளிப்படையாக எதிர்த்தார். அவர்களுக்காக எந்தச் சாலையில் எந்தக் கூட்டம் நின்றது? யாருக்குக் கூட்டம் சேர்கிறதோ அவருக்குத்தான் சட்டம் அசையும் என்றால், கூட்டம் சேர்க்க முடியாதவர் எங்கே போவார்? குடியாத்தம் சகோதரி இதையும் மனதில் வைக்க வேண்டும்.

ஏலகிரி அடிவாரம்:

உங்கள் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் குடும்பங்களை நாங்கள் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

கவுண்டன்யா கரை (குடியாத்தம்):

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு குழுவில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். தம்பி மேல் புகார் கொடுக்க வந்த அந்தத் தாயைப் பற்றி வாசித்தபோது யாரும் பீடி சுற்றவில்லை, கத்தரிச் சத்தம்கூட நின்றுவிட்டது. எங்கள் குழுவிலேயே ஒருத்தி எழுந்து வெளியே போய்விட்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நேரம் வரும்.

பேனரைச் சுண்ணாம்பு அடித்து மறைத்துவிட்டோம். இளைஞர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். வாலாஜா அண்ணன் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் பிள்ளைக்கு 640 பேர் வந்தார்கள். போன வருடம் பக்கத்து இருளர் குடியிருப்பில் இதேபோல் ஒரு புகார் எழுந்தபோது நாங்கள் யாரும் போகவில்லை. அவர்கள் பெயரையும் எழுதாமல், ‘எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தாலும்’ என்று மனுவில் ஒரு வரி சேர்க்கலாமா? யாருக்கு அனுப்புவது?

மரத்தடி எழுத்தர் (சத்துவாச்சாரி):

கட்டாயம் சேருங்கள் அம்மா. அந்த வரிதான் இதைப் பொதுக் கோரிக்கை ஆக்கும்.

இரண்டு மனுவாகப் பிரித்துவிடலாம். முதலாவது, சிறுமியின் தாய் பெயரில் காவல் கண்காணிப்பாளருக்கு. மூன்று நாள் பதிவு செய்யாதது பற்றி விசாரிக்க வேண்டும் என்ற ஒரே கோரிக்கை. அதைப் பொதுக் கூட்டத்தில் நீட்ட வேண்டாம். மூடிய உறையில், சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி விரைவுத் தபாலில் போகட்டும். சிறுமியின் பெயர் அந்த உறைக்குள் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாவது, ஊர்ப் பெயரில் கலெக்டருக்கு. இப்படி எழுதலாம்:

“பொருள்: பெண்கள், குழந்தைகள் புகார்களை எல்லை காரணம் காட்டித் திருப்பி அனுப்பாமல் பதிவு செய்ய வேண்டுதல். எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தாலும் புகாரைப் பெற்ற உடனே பதிவு செய்ய வேண்டும் என்ற சட்ட விதியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, மாவட்டத்தின் எல்லாக் காவல் நிலைய வாசலிலும் வைக்க உத்தரவிட வேண்டுகிறோம். பெண் அதிகாரி விடுப்பில் இருக்கும் நாளில் அவருக்குப் பதில் யார் என்பதையும் அவருடைய தொலைபேசி எண்ணையும் அதே பலகையில் எழுதக் கோருகிறோம். 30 நாளுக்குள் எடுத்த நடவடிக்கையை எங்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

640 கையெழுத்தையும் இதோடு இணைத்துவிடாதீர்கள். அவர்கள் தூக்கு கேட்டுப் போட்ட கையெழுத்து அது. புதிய தாளில், வாசித்துக் காட்டிய பிறகு, மறுபடியும் வாங்குங்கள். நூறு பேர் போட்டாலும் போதும்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கே வந்துவிடுங்கள், பத்துக்கு மேல் வரிசை வாசல் வரை நீண்டுவிடும். மனுவைக் கொடுத்ததும் எண் போட்ட ரசீது தருவார்கள். அதை வாங்காமல் நகராதீர்கள். நான் இடப்பக்கம் இரண்டாவது வேப்பமரத்தடியில் இருப்பேன். இந்த மனுவுக்கு என்னிடம் கட்டணம் இல்லை. எழுந்து போன அந்தப் பெண் எப்போதாவது வர விரும்பினால், அவரைத் தனியாக, திங்கள் அல்லாத ஒரு நாளில் அழைத்து வாருங்கள். அன்று அங்கே கூட்டம் இருக்காது.